எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை

ஹல்பேராவின் பெயர் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் ஆறாவதாக இருந்தது. பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்தால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்று கட்சிக்காரர்கள் கெஞ்சியதால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். எங்கள் தொகுதியில் அந்தக் கட்சிக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தாலே பெரிது. உறுப்பினரால் போக முடியாவிட்டால் பட்டியலில் அடுத்தவர் அவருக்குப் பதிலாகப் போவார். ஆறாவது ஆள் நாடாளுமன்றம் போவதென்றால் மேலே இருக்கும் ஐந்து பேருக்கும் ஏதாவது ஆகவேண்டும்.

ஆனது. உறுப்பினர் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அடுத்தவர் வெயில் காய டெனெரிஃப் தீவுக்குப் போயிருந்தார். மூன்றாமவர் போன மாதம்தான் எதிர்க்கட்சிக்குத் தாவியிருந்தார். நான்காமவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஐந்தாமவர் தொலைபேசியை எடுத்து, தன் குரலிலேயே, "அவர் இங்க இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

ஹல்பேரா எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் வேலை பார்க்கிறவள். சோப்புப் போட்டுக் குளிக்காமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சுற்றுலாப் பயணிகளிடம் மன்றாடுவது அவளது முக்கிய அலுவல். கட்சியின் கொறடா சுன்னிவா தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து கூப்பிட்டபோது அவள் கையில் தரை துடைக்கும் குச்சி இருந்தது.

"நான் அங்க வந்து என்னங்க பண்ணப் போறேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம், ஹல்பேரா. வந்து உக்காந்தா போதும். ரெண்டே வாரம். அதுக்குள்ள டெனெரிஃப் போனவரு வந்துருவாரு."

செய்தி நீச்சல் குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டிக்கு எட்டியது. எங்கள் ஊரின் உண்மையான சட்டசபை அதுதான். அன்று மாலை தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தவர்களில் உல்வரும் ஒருவன். மலையடிவாரத்து ஊற்றின் சூட்டில் கண்ணாடிக் கூடாரங்கள் போட்டு வெள்ளரிக்காய் வளர்ப்பவன். ஹல்பேராவோடு பள்ளியில் ஒரே வகுப்பு.

"ஏய் ஹல்லா, அமைச்சர் தொட்டில இறங்க வந்தா முதல்ல குளிக்கச் சொல்லுவியா?" என்றான்.

"உன்னையே சொல்லிட்டுத்தான் இருக்கேன். நீ கேக்குறியா?"

தொட்டி முழுக்கச் சிரித்தது. மறுநாள் அவள் பேருந்து ஏறியபோது உல்வர் ஒரு பை நிறைய வெள்ளரிக்காயோடு வந்து நின்றான். "அங்க சூப்பும் பேச்சும்தான் கிடைக்குமாம். இத வச்சுக்கோ" என்றான்.

இடுப்பு முறிந்தவரின் நாற்காலியோடு அவர் உட்கார்ந்திருந்த குழுவும் ஹல்பேராவுக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயர் நிலைப்பாட்டுக் குழு. அது பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வடகடல் வணிகக் கூட்டமைப்பில் நாங்கள் சேர வேண்டும் என்று முன்பொரு அரசாங்கம் யாரையும் கேட்காமல் விண்ணப்பித்தது. அடுத்து வந்த அரசாங்கம் யாரையும் கேட்காமல் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. இரண்டு முறையும் கேட்கப்படாமல் விடப்பட்ட நாடாளுமன்றத்துக்கு ரோஷம் வந்து ஒரு சட்டம் போட்டது. அதன்படி, கூட்டமைப்பில் சேர்வது பற்றிய நாட்டின் நிலைப்பாடு நாடாளுமன்றத்தின் சொத்து. அமைச்சர் அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். திறந்து பார்க்கக் கூடாது. சேருவோம் என்றோ மாட்டோம் என்றோ சொல்வதானாலும், அப்படிச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வதானாலும், குழுவிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

குழுவின் செயலாளர் தாக்ருன் என்ற அம்மாள். மிகவும் அன்பானவர். முதல் நாளே காபியும் முறுக்கிய வடிவில் பொரித்த இனிப்பும் கொடுத்து உட்காரவைத்து விளக்கினார்.

"இங்க ஓட்டெடுப்பெல்லாம் கிடையாதும்மா. அமைச்சர் அனுமதி கேப்பாரு. தலைவர் மேசையச் சுத்தி ஒரு தடவ பாப்பாரு. 'பெரும்பான்மை எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை'ன்னு சொல்வாரு. அனுமதி குடுத்தாச்சு."

"எதிர்ப்பு இருந்தா?"

"தென்படணும்."

"எப்படித் தென்படும்? கையத் தூக்கணுமா?"

தாக்ருன் கொஞ்சம் யோசித்தார். "இதுவரைக்கும் தென்பட்டதில்ல. அதனால அதுக்கு நடைமுறைன்னு ஒண்ணு இல்ல. இன்னொரு காபி?"

முதல் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம், மதிய விருந்து. கூட்டமைப்பின் தலைமையகம் நார்வேயின் பெர்கன் நகரில் இருக்கிறது. அங்கே போகும் வெளியுறவு அமைச்சருக்கு நார்வேக்காரர்களின் பழுப்புப் பாலாடைக்கட்டி பரிமாறப்படும் என்று உறுதியான தகவல் வந்திருந்தது. அதை அவர் எந்த முகத்தோடு சாப்பிடுவது?

"ரசிச்சுச் சாப்பிட்டா சேர ஆசைப்படுறோம்னு ஆயிடும்" என்றார் ஓர் உறுப்பினர்.

"சாப்பிடாம விட்டா சேர மாட்டோம்னு ஆயிடும்" என்றார் இன்னொருவர்.

"எனக்கு அது உண்மையிலேயே பிடிக்குங்க" என்றார் அமைச்சர் தயக்கத்தோடு.

குழுத் தலைவர் ஸ்னைபியோர்ன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளைத் தாடி, கம்பளிச் சட்டை, ஆழ்ந்த குரல். அவர் பேசினால் உறுப்பினர்கள் கரண்டியால் காபியைக் கலக்குவதைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

"அமைச்சருக்கு என்ன பிடிக்கும் என்பது நாட்டின் பிரச்சினை அல்ல. அது அவர் நாக்கின் பிரச்சினை. ஆனால் எல்லை தாண்டியவுடன் அந்த நாக்கு இந்த அவையின் நாக்காகிவிடுகிறது. அதை இந்த அவை கண்காணிக்காவிட்டால் வேறு யார் கண்காணிப்பார்கள்?"

நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, ஒரு துண்டு சாப்பிடலாம், இரண்டாவது கேட்கக் கூடாது, எப்படியிருந்தது என்று யாராவது விசாரித்தால் 'சாப்பிட்டேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. தலைவர் சுற்றிலும் பார்த்தார். எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை.

அடுத்த கூட்டம் அவசரமாகக் கூட்டப்பட்டது. அமைச்சர் பெர்கனிலிருந்து தொலைபேசியில் வந்தார். பின்னணியில் மழை கொட்டும் சத்தம். கூட்டமைப்பின் கட்டடத்து வாசலில் நிற்கிறார். பொதுச்செயலாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு 'உள்ளே வாருங்கள்' என்கிறார். உள்ளே போவதற்குத் தனக்கு அனுமதி உண்டா என்று அமைச்சர் கேட்டார். பாலாடைக்கட்டிக்கு வாங்கிய அனுமதியில் கதவு வரவில்லை.

"உள்ள நுழையறதுன்னா கூட்டமைப்புல நுழையறதுதானே? அத எப்படி வேற மாதிரி எடுத்துக்க முடியும்?" என்றார் அதே குழுவில் இருந்த சுன்னிவா.

"ஐயா, குடை இல்லீங்க" என்றது தொலைபேசி.

"பொறுமையா இருங்க, அமைச்சரே. குழு உங்களப் பத்தித்தான் பேசிட்டிருக்கு" என்றார் தலைவர்.

சட்ட ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் தந்த யோசனை குழுவுக்குப் பிடித்திருந்தது. அமைச்சர் உள்ளே போகலாம். ஆனால் அவரோடு வந்திருக்கும் தூதர் வாசலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால் நாடு உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. தூதருக்கு எழுபது வயது நெருங்குகிறது என்று யாரோ நினைவூட்டினார்கள். அவருக்கு ஒரு குடை வாங்கிக்கொடுக்க நிதி ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை.

அன்று ஹல்பேரா தங்கியிருந்த அறையிலிருந்து உல்வருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்துச் சிரித்து இருமினான்.

"அப்ப அந்தக் கிழவர் இன்னும் மழைலயா நிக்கிறாரு?"

"குடையோட!"

"நீ அங்கயே இரு ஹல்லா. வந்துறாத. எனக்கு டிவியே வேண்டாம்."

சிரித்துக்கொண்டே அவன் தந்த வெள்ளரிக்காயைக் கடித்தாள். இந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவளால் செரிக்க முடியவில்லை. இதெல்லாம் விளையாட்டு, இங்கே நடப்பது எதுவும் யாரையும் தொடாது என்று அவள் அன்று முழுமையாக நம்பினாள்.

கடைசிக் கூட்டம் வெள்ளிக்கிழமை, மதிய உணவுக்குச் சற்று முன். உணவகத்தில் ஆட்டிறைச்சி சூப் கொதிக்கும் மணம் படியேறி வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சூப் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது கட்சி வேறுபாடின்றி எல்லோருக்கும் தெரியும். சேருகிறோமா இல்லையா என்று சொல்லாமலே காலம் தள்ளுவதற்கு ஈடாகக் கூட்டமைப்பு சில சலுகைகளைக் கேட்டிருந்தது. தலைவர் அந்தப் பட்டியலை வேகமாக வாசித்தார்.

"இணைப்பு மூன்று, பிரிவு ஆ. நீள்வடிவ, நீர்ச்சத்து மிகுந்த, பச்சையாக உண்ணத்தக்க காய்கள். இறக்குமதி வரி முழுவதும் நீக்கம்."

ஹல்பேரா சன்னலுக்கு வெளியே ஏரியில் நீந்திய வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமாக இருக்கும். தண்ணீராக இருக்கும். பச்சையாகத் தின்னலாம். விடுகதைக்கு விடை தோன்றுவது போல அவளுக்குச் சட்டென்று தோன்றியது. அவளுடைய பைக்குள் ஒன்று மிச்சமிருந்தது.

வாயைத் திறந்தாள். எதிரே இருந்த சுன்னிவா, 'என்ன?' என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். ஹல்பேராவுக்குக் காது மடல்கள் சூடேறின. தன் முன்னால் இருந்த தாள்கட்டை அவள் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் நினைப்பது தவறாக இருந்தால்? வேறு ஏதாவது காயாக இருந்தால்? இவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இதையெல்லாம் பார்க்காமலா இருப்பார்கள்? தலைவரின் பார்வை மேசையைச் சுற்றி வந்து அவளிடம் வந்தது. யாராவது நம் முகத்தைப் பார்த்தால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் அவள் செய்தாள். புன்னகைத்தாள்.

"பெரும்பான்மை எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை" என்றார் தலைவர். நாற்காலிகள் நகர்ந்தன.

சூப் கிடைத்தது. அவளருகே உட்கார்ந்த உறுப்பினர் ரொட்டியைப் பிய்த்தபடி, "அந்த வெள்ளரிக்காய் விஷயம் எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. உங்க ஊர்லதானே தோட்டம் இருக்கு? நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றார்.

ஹல்பேராவின் கரண்டி நின்றது.

"எனக்கும்தான் பிடிக்கல" என்றார் எதிரே இருந்தவர். "ஆனா எங்க கட்சில இருந்து நான் ஒருத்தனே எதுக்குன்னு..."

சூப் முடிவதற்குள், குழுவின் ஒன்பது பேரில் ஐந்து பேர் அதற்கு எதிர்ப்பு என்று தெரிந்துவிட்டது. ஹல்பேராவைச் சேர்த்தால் ஆறு.

"அப்ப வாங்க, திரும்பப் போய்ச் சொல்லலாம்!" என்று எழுந்தாள்.

எல்லோரும் அவளைப் பரிதாபத்தோடு பார்த்தார்கள். "கூட்டம் முடிஞ்சிருச்சேம்மா" என்றார் ரொட்டிக்காரர்.

அவள் தலைவரைத் தேடி ஓடினாள். அவர் படிக்கட்டில் நின்று தாடியில் ஒட்டியிருந்த கிழங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவள் தோளில் கை வைத்தார்.

"உங்க மனசுல எதிர்ப்பு இருந்ததுன்னா, அது உங்க மனச்சாட்சிம்மா. ஒருத்தரோட மனச்சாட்சில இந்த அவை ஒருநாளும் தலையிடாது. அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் நம்ம முன்னோர்கள் பாடுபட்டாங்க. நாம முடிவெடுக்கறதில்ல, ஹல்பேரா. முடிவெடுக்கறது அரசாங்கம். அதத் தடுக்கக்கூடிய முழு அதிகாரம் நமக்கு இருக்கு. அத நாம பயன்படுத்தாம காப்பாத்திட்டு வர்றோம். பயன்படுத்திட்டா அப்புறம் என்ன மிச்சமிருக்கும்?"

ஊர் திரும்பியபோது குளத்து வரவேற்பு மேசைமேல் ஒரு பெட்டி நிறைய வெள்ளரிக்காய் இருந்தது. மேலே ஒரு சின்னத் தேசியக் கொடி செருகியிருந்தது. உல்வர்தான். அவள் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய்க் குளிர்பெட்டியில் அடுக்கினாள். ஒன்றையும் தின்ன முடியவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அவை வரிசையாகப் படுத்திருந்தன.

வெள்ளரிக்காய் வரி நீக்கம் வானொலியில் செய்தியாக வந்தது. குழு ஒருமனதாக அனுமதித்தது என்று சொன்னார்கள். அன்று தொட்டியில் யாரும் சிரிக்கவில்லை.

"எவன் எவன் உக்காந்திருந்தானோ அங்க" என்றான் உல்வர். "உன் ரெண்டு வாரம் முடிஞ்சப்புறம் போட்டிருப்பானுங்க, ஹல்லா. நீ இருந்திருந்தா விட்டிருப்பியா?"

ஹல்பேரா தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். அவன் தவறாக நினைத்துக்கொண்டிருந்ததை அவள் திருத்தவில்லை. ரெய்க்யாவிக்கில் பேசாமல் இருந்தது ஒருமுறை. இங்கே இப்போது இரண்டாம் முறை. இங்கே சூப் தீர்ந்துவிடும் என்ற அவசரம்கூட இல்லை.

இலையுதிர் காலம் வருவதற்குள் நகரத்து மொத்த வியாபாரி உல்வரிடம் வாங்குவதைப் பாதியாகக் குறைத்தான். கடையில் வெளிநாட்டு வெள்ளரிக்காய் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. மலையடிவாரத்தில் இரண்டு கண்ணாடிக் கூடாரங்களின் மஞ்சள் வெளிச்சம் அணைந்தது. அங்கே வேலை பார்த்த போலந்துக்காரி வான்டா, குளத்தில் வைத்திருந்த அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் ஹல்பேராவின் பக்கத்தில் நின்று பாடுபவள்.

"எங்க போற?"

"க்தான்ஸ்க்குக்கு, அக்கா வீட்டுக்கு. பாப்பாவுக்கு இங்க பள்ளிக்கூடம் பிடிச்சிருந்தது. என்ன பண்றது?" வான்டா அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ எங்களுக்கு எவ்வளவு நல்லது பண்ணிருக்க. மறக்க மாட்டேன்."

அந்த அணைப்பைத் தாங்க முடியாமல்தான் ஹல்பேரா மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு ரெய்க்யாவிக்குக்குப் பேருந்து ஏறினாள். தன் மௌனத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று தாக்ருனிடம் சொன்னாள்.

தாக்ருன் காபி ஊற்றினார். "சொன்னத திரும்ப வாங்கிக்கலாம்மா. அதுக்கு வழி இருக்கு. சொல்லாதத எப்படித் திரும்ப வாங்கறது?"

"எனக்குத் தெரியாதுங்க. ஆனா அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. நான் தூங்கி நாளாச்சு."

தாக்ருனுக்கு இரக்கம் சுரந்தது. குழுவின் கூட்டத்தில் ஹல்பேரா விருந்தினராக அனுமதிக்கப்பட்டாள். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளரிக்காய், வான்டா, அணைந்த விளக்குகள், தன் புன்னகை. குழு கவனமாகக் கேட்டது. பிறகு சட்ட ஆலோசகர் எழுந்தார்.

"மௌனம் என்பது நாற்காலிக்குச் சொந்தம், நபருக்கு அல்ல. ஆகவே அந்த மௌனம் இப்போது நாற்காலியில் இருக்கும் உறுப்பினருடையது."

நாற்காலியில் இப்போது இடுப்பு குணமானவர் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். திடுக்கிட்டார். "அப்ப நான் ஆஸ்பத்திரில மயக்க மருந்துல கிடந்தேனுங்க!"

"அதுவும் மௌனம்தானே?" என்றார் தலைவர்.

உறுப்பினருக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை. தன் மௌனத்தை வைத்துக்கொள்ளவே விரும்புவதாகச் சொன்னார். பழைய மௌனங்களைத் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று சுன்னிவா கேட்டார். நாட்டின் மொத்த நிலைப்பாடும் அவற்றின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்றார். தலைவர் முடித்துவைத்தார்.

"ஹல்பேராவின் வருத்தத்தை இந்தக் குழு மரியாதையுடன் கவனத்தில் கொள்கிறது. வெள்ளரிக்காய் முடிவு தொடர்கிறது. எதிர்ப்பு எதுவும்..."

"இருக்கு!" ஹல்பேராவின் குரல் குளத்தில் ஓடும் பிள்ளைகளை அதட்டும் குரலாக வெளிவந்தது. "எனக்கு இருக்கு! இவருக்கு இருக்கு, அவருக்கு இருக்கு, அன்னைக்கு சூப் குடிக்கும்போது எல்லாருக்கும் இருந்துது! சொல்லுங்களேன்யா!"

ரொட்டிக்காரர் தன் விரல் நகங்களை ஆராய்ந்தார். தலைவர் கோபப்படவில்லை. நெகிழ்ந்திருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

"எதிர்ப்பு என்பது எப்படி ஒலிக்கும் என்று இந்த அறை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அதற்காக நன்றி. விருந்தினரின் எதிர்ப்பு கணக்கில் சேராது. பெரும்பான்மை எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை."

தாழ்வாரத்தில் சுன்னிவா அவளைப் பிடித்தார். "உள்ள நடந்தத மறந்துருவோம். உங்கள மாதிரி ஒருத்தர்தான் கட்சிக்கு வேணும். வந்த ரெண்டு வாரமும் ஒரு தொந்தரவு குடுக்கல. அடுத்த தேர்தல்ல பட்டியல்ல ரெண்டாவதாப் போட்டுறட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் ஹல்பேரா. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன பதில் சொல்லியிருக்கிறோம் என்பது உறைத்தது. வழி நெடுகக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் தொலைபேசியை எடுத்து, "வேண்டாம்" என்று ஒரே சொல்லை சுன்னிவாவுக்கு அனுப்பினாள். வீட்டுக்குப் போகாமல் மலையடிவாரத்தில் இறங்கினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரே கூடாரத்தில் உல்வர் தனியாகக் காய் பறித்துக்கொண்டிருந்தான். உள்ளே கோடைகாலம் போல வெக்கை. அவள் மேல்சட்டையைக் கழற்றாமலே நின்று பேசினாள்.

"உல்வர், அன்னைக்கு அந்தக் குழுல நானும் இருந்தேன்."

அவன் திரும்பினான். "என்னைக்கு?"

"வரிய எடுத்த அன்னைக்கு. வாசிச்சப்போ எனக்கு வெள்ளரிக்காய்னு புரிஞ்சுது. புரிஞ்சும் பேசாம இருந்தேன். அப்புறம் நீ தொட்டில கேட்டப்பவும் பேசாம இருந்தேன்."

"ஏன்?"

"வெக்கமா இருந்துது. தப்பாச் சொல்லிருவேனோன்னு. அவ்வளவுதான். வேற காரணம் எதாவது இருக்கும்னு நானும் தேடிப் பாத்துட்டேன். இல்ல."

உல்வர் கையிலிருந்த கத்தியை மடக்கினான், திரும்ப விரித்தான். கொடியின் அடுத்த காயை வெட்டிப் பெட்டியில் வைத்தான். அதற்கடுத்ததை வெட்டினான். கூடாரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தது.

"வான்டாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லு. போன் நம்பர் தர்றேன்."

"சொல்றேன்."

அவன் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கண்ணால் காட்டினான். ஹல்பேரா மேல்சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு வந்து பிடித்தாள். இருவரும் பெட்டிகளை வாசலுக்குத் தூக்கினார்கள். பழுத்த இலைகளைக் கிள்ளினார்கள். காய்ந்த கொடிகளைச் சுருட்டி வெளியே போட்டார்கள். அவளுக்கு முதுகு வலித்தது, அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கிளம்பும்போது கேட்டேவிட்டாள். "என்னை மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றான் உல்வர்.

கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, அணைந்து கிடந்த பக்கத்துக் கூடாரங்களைப் பார்த்தான்.

"அந்த ரெண்டையும் பிரிக்கணும். ஒத்த ஆளா முடியாது. நாளைக்கு வேலை முடிஞ்சதும் வா. கையுறை எடுத்துட்டு வா, கண்ணாடி கிழிச்சிரும்."